மூன்றாம் வீட்டு ப்ளக் பாயிண்ட்

சுபத்ராவுக்கு நாற்பத்தொரு வயது. அதில் பதினோரு வருஷத்தை அடுத்தவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே கழித்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டகை அவள் பொறுப்பு. காலை ஆறரைக்குப் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். அதற்கு முன்பே தாய்மார்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலையேறிவிடுவார்கள். கஞ்சி கொடுக்க வேண்டும், தூங்க வைக்க வேண்டும், நனைத்துக்கொண்ட ஸ்வெட்டரைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். இதை வேலை என்று தோட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. "நீ சும்மா ஒக்காந்துகிட்டுத்தானே இருக்கே" என்பார்கள். ஒன்பது பிள்ளைகளோடு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சேதி.

இந்த வருஷம் துரை, அதாவது தோட்டத்து மானேஜர், ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஜனவரியிலிருந்து சான்றிதழ் இல்லாத ஆளைக் கொட்டகையில் வைக்க முடியாது என்றார். நல்லவேளை, சுபத்ரா இரண்டு வருஷமாகவே அந்தப் படிப்பைத் தபால் பாடம் மாதிரி கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியோரம். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு அங்கே நின்று பாடத்தை இறக்கிக்கொள்வாள்; வீட்டுக்கு வந்து படிப்பாள். எழுத்துப் பரீட்சைகள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது நேர்முகப் பரீட்சை மட்டும்.

அதுதான் பெரிய கண்டம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு மணி நேரம், வீடியோவில். மூடிய அறையாக இருக்க வேண்டும், வேறு குரல் கேட்கக் கூடாது. மூன்று தடவை தொடர்பு அறுந்தால் பரீட்சை ரத்து. மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கொட்டகைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

அவள் குடியிருப்பது ஐந்து வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில். முதல் வீடு அவள் தம்பி மகேனுடையது. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்க்கிறவன். இன்டர்நெட் கம்பி அவன் வீட்டுக் கம்பத்தோடு நின்றுவிட்டது. அவன் வீட்டிலேயே உட்கார்ந்து பரீட்சை எழுதலாம்தான். ஆனால் அவன் மனைவி பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள். வீடு முழுக்க ஈப்போவிலிருந்து வந்த மாமியார் கூட்டம். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியைக் கேட்டால் ஓர் அறை கிடைக்கும். அங்கே உட்கார்ந்து தோற்றுப்போனால் மதியத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஆகவே புதன்கிழமை கம்போங் ராஜா டவுனில் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி வந்தாள். வைஃபையை வாங்கி அடுத்த பக்கம் தள்ளிவிடுகிற, சோப்புக்கட்டி அளவுப் பெட்டி. நேராகச் சுவரில் சொருக வேண்டியது.

"மொதல்ல இத ரவுட்டர் பக்கத்துல சொருவுக்கா" என்றான் மகேன். "ரெண்டுலயும் இந்தப் பட்டன அமுக்கு. பச்ச லைட்டு ஆடாம எரிஞ்சா ரெண்டும் கைகுடுத்துகிச்சின்னு அர்த்தம். அப்பறம் களட்டிகிட்டுப் போலாம்."

பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது. சுபத்ரா பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டு மேசைக்குப் பக்கத்திலேயே சொருகினாள். இந்த மலையில் குளிர்கிற அறையில்தான் கரியடுப்பை வைப்போம். அவளும் அந்தக் கணக்குதான் போட்டாள். லைன் எங்கே இல்லையோ அங்கே பெட்டி. கைப்பேசியில் நாலு கட்டமும் நிறைந்து நின்றன. சந்தோஷத்தில் கணவன் குகனேஸ்வரனுக்கு வீடியோ போட்டாள். அவன் திரிங்காப்பில் காய்கறி லோரிக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். "சாப்பிட்டியா" என்று கேட்க வாயைத் திறந்தவன், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டான். ஐந்து நிமிஷம் பார்த்தாள். வாய் மூடவில்லை.

மகேன் வந்து பார்த்துச் சிரித்தான். "போன்ல கட்டம் நெறையா காட்டுது, சரி. பொட்டிக்கே லைன் வரலியே-லா. அது எங்கேருந்து ஒனக்குக் குடுக்கும்?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ரவுட்டர் எட்டுகிற தூரத்தில் பெட்டி இருக்க வேண்டும், பெட்டி எட்டுகிற தூரத்தில் அவள் இருக்க வேண்டும். அதாவது நடுவில். இரண்டாம் வீட்டில் நேப்பாளத்துப் பையன்கள் இருந்தார்கள். அங்கே வைத்துப் பார்த்தார்கள், கடைசி வீட்டுக்கு எட்டவில்லை. நாலாம் வீடு பூட்டிக் கிடந்தது, மின்சாரமும் வெட்டியாயிற்று. எஞ்சியது மூன்றாம் வீடு.

"மூணாவது வீடுதான்" என்று சொல்லிவிட்டு மகேன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

மூன்றாம் வீடு ஜெயாவுடையது. ஜெயாவும் சுபத்ராவும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஜெயாவின் மகள் அன்பரசி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. ஒரு மத்தியானம் கொட்டகையின் பின்படியில் விழுந்து, தகரத்தின் விளிம்பு புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. எட்டுத் தையல். பால் கலக்கத் திரும்பினேன், அதற்குள் விழுந்துவிட்டாள் என்றாள் சுபத்ரா. ஜெயா நம்பவில்லை. துரையின் முன்னால், லயமே கேட்க, "படிச்சதும் இல்ல, பெத்ததும் இல்ல, இவ கையில புள்ளயக் குடுத்தேன் பாரு, என்னைய சொல்லணும்" என்று கத்தினாள். பிறகு மகளை ரிங்லெட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். சனிக்கிழமை வேனில் போய்க் கூட்டிவருவாள், ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள். பெற்ற பிள்ளையை வாரத்துக்கு ஒன்றரை நாள்தான் பார்க்கிறாள்.

பெற்றதும் இல்லை என்ற சொல்லுக்குச் சுபத்ரா பல நாள் தலையணையை நனைத்தாள். அது அவள் கையில் இல்லாதது. படித்ததும் இல்லை என்பதை மாற்றலாமே என்று ஒரு நாள் தோன்றியது. அந்த வைராக்கியத்தில் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு.

ஒரே லயத்தில் குடியிருந்துகொண்டு அடியோடு பேசாமல் இருக்கவும் முடியாது. குழாயில் தண்ணீர் வந்தால் சொல்ல வேண்டும், மழை வந்தால் கொடித் துணியைச் சொல்ல வேண்டும். இருவரும் ஜெயாவின் நாயிடம் சொல்லிக்கொள்வார்கள். "டேய் மணி, தண்ணி வந்துருச்சி" என்பாள் சுபத்ரா வாசலில் நின்று. உள்ளே ஜெயா குடத்தை எடுப்பாள். அந்த நாய்க்குத் தெரியாத லயத்துச் சேதி கிடையாது.

வியாழக்கிழமை மாலை சுபத்ரா பெட்டியோடு மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஜெயா ரப்பர் காலணியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் எழுந்து வந்து வாலை ஆட்டியது. சுபத்ரா நாயைப் பார்க்கவில்லை.

"ஜெயா, எனக்குச் சனிக்கிழம பரீட்ச. இந்தப் பொட்டிய ஒன் வீட்டுல ஒரு மணி நேரம் சொருவி வைக்கணும். வேற எடத்துல வச்சா எட்ட மாட்டுது."

ஜெயா தலை நிமிரவில்லை. "டேய் மணி, என்ன பரீட்சன்னு கேளு."

"ஆயாக்கொட்டகைக்கு. சான்றிதழ் இல்லன்னா ஜனவரியில என்னைய நிப்பாட்டிருவாங்க."

இன்னொரு காலணியையும் கழுவி, சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் ஜெயா நிமிர்ந்தாள். "டிவிக்குப் பின்னால ஒரு ப்ளக்கு இருக்கு. லூசு. சொன்னதுக்கப்பறம் என்னைய கொற சொல்லாத" என்றாள். இந்தத் தடவை நாயிடம் சொல்லவில்லை.

பாயிண்ட் உண்மையிலேயே தளர்ந்துதான் கிடந்தது. பெட்டி சொருகினால் மெல்லத் தலை கவிழும், விளக்கு அணையும். ஓர் அட்டையை மடித்து அடியில் செருகியதும் நின்றது. பச்சை எரிந்தது. கடைசி வீட்டில் குகனேஸ்வரன் வாயைத் திறந்து மூடிப் பேசினான்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சுபத்ரா சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மா வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பத்தாவது நிமிஷம் படம் அறுந்தது. ஒன்று. திரும்ப வந்தது. ஐந்து நிமிஷத்தில் மறுபடி அறுந்தது. இரண்டு. எழுந்து ஓடிப் பார்க்கவும் முடியாது, எழுந்தாலே தப்பு. இனி ஒரு தடவை அறுந்தால் இரண்டு வருஷமும் போயிற்று. படம் திரும்ப வந்தது. அதன் பிறகு ஆடவில்லை, அசையவில்லை.

கடைசிக் கேள்வி வந்தது. உங்கள் கவனிப்பில் இருந்தபோது எந்தப் பிள்ளைக்காவது அடிபட்டிருக்கிறதா, எப்படி என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். அதற்குப் பதில் தயாராக இருந்தது. பால் கலக்கத் திரும்பினேன், சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தேன், தாய்க்குத் தகவல் சொன்னேன். மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில். வாயைத் திறந்தாள். ஜெயாவின் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஜெயாவின் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒரு பிள்ளைக்கு அடிபட்டது" என்றாள் மலாயில். "பால் கலக்கப் போனதாக எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். என் தங்கை ஒரு கல்யாண வீடியோ அனுப்பியிருந்தாள். அதைப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் நின்றேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போனேன். அழுகை கேட்டுத்தான் ஓடி வந்தேன். தப்பு என்னுடையது." குரல் உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. அந்த அம்மா நெடுநேரம் எதையோ எழுதினார். பிறகு, "இப்போது கைப்பேசியை எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "வேலை முடியும்வரை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன்" என்றாள். அது உண்மை.

பரீட்சை முடிந்ததும் பெட்டியைக் கழற்ற மூன்றாம் வீட்டுக்கு ஓடினாள். பத்தேகால் வேனில் ஜெயா ரிங்லெட்டுக்குப் போயிருப்பாள், சாவியை நேப்பாளத்துப் பையன்களிடம் கொடுத்திருப்பாள், வாங்கித் திறக்கலாம் என்று நினைத்தாள். கதவு திறந்தே இருந்தது. டிவியை இழுத்துத் தள்ளிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஜெயா ஒரு கையால் பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியூர் போகிற சேலை. தோளில் பை. மடித்த அட்டை தரையில் கிடந்தது.

"வேன் போயிருச்சா?" என்றாள் சுபத்ரா.

"போயிருச்சி. கெளம்பறப்ப பாத்தேன், லைட்டு அணைஞ்சி கெடந்துச்சி. வைக்க வைக்கத் தல சாயுது." ஜெயா கையை உதறிக்கொண்டாள். பழைய லயம், வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. நாலாம் வீடு வேறு காலி. கடைசி வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஜெயா மேலே அந்த இடைவெளியைப் பார்த்தாள், பிறகு சுபத்ராவைப் பார்த்தாள்.

"எல்லாம் கேட்டுச்சி" என்றாள்.

சுபத்ரா குனிந்து தரையில் கிடந்த அட்டையை எடுத்தாள்.

"புள்ள விழுவுறது வீட்டுலயுந்தான் விழுவும். அதுக்கா மூணு வருஷம் பேசாம இருந்தேன்? அந்தப் பாலு கத. லயமே ஒன்னைய நம்புச்சி. என்னைய வாயாடின்னுச்சி. பாலு டின்ன நான் அன்னிக்கே பாத்தேன், தொறக்கவே இல்ல. பொய் சொல்றவகிட்ட எப்படிப் புள்ளய வுடுறது? அதான் கொண்டுபோயி வுட்டேன். வுட்டுட்டு நாந்தான் கெடந்து செத்தேன்." ஜெயா தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"தப்புதான், ஜெயா. நீ சொன்ன ஒரு வார்த்தய புடிச்சிகிட்டு, நான் செஞ்சத இத்தன நாளா மறைச்சிட்டேன்."

"நானும் அந்த வார்த்தய சொல்லியிருக்கக் கூடாதுக்கா." பெற்றதைப் பற்றிச் சொன்ன வார்த்தை என்று இருவருக்கும் தெரியும். யாரும் அதை மறுபடி வாயில் எடுக்கவில்லை.

மகளைக் கூட்டிவர மகேன் தன் காரில் ஜெயாவை ரிங்லெட்டில் கொண்டுபோய் விட்டான். பரீட்சையில் தேறிய கடிதம் மூன்றாவது வாரம்தான் வந்தது, சுமாரான மதிப்பெண்ணோடு. ஆனால் அதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, பனி இன்னும் விலகாத நேரத்தில், தூங்குகிற அன்பரசியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயா கொட்டகைக்கு வந்தாள். மற்ற தாய்மார்கள் விலகி வழிவிட்டார்கள்.

"முட்ட குடுக்காதக்கா, இவளுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிப் பிள்ளையை நீட்டினாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று முழுக்கச் சுபத்ரா அன்பரசியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, கனக்கத்தான் செய்தது.