மலை மேல் இருந்த எங்கள் வீடு

மரக்காணத்தில் என்னோடு மூன்றாம் வகுப்பு படித்தவர்களில் மலை மேல் வீடு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் யாரும் நம்பவில்லை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் அது உப்பளத்தில் குவித்து வைத்த உப்புதான். அதில் ஏறினாலே ஆட்கள் ஓடி வந்து விரட்டுவார்கள். நானோ மேகத்துக்குப் பக்கத்தில் பல் தேய்த்தவள்.

அத்தா ஓமனில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்போதாவது ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அம்மாவின் போனுக்குள் இருப்பார். அந்த வருடம் அரையாண்டு விடுமுறைக்கு அம்மாவையும் என்னையும் விசிட் விசாவில் அங்கே வரவழைத்தார். அவருடைய அறையில் கூட வேலை செய்யும் ஆண்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். அதனால் விடுமுறைக்கு ஊர் போகிற ஒரு நண்பரின் வீட்டை எங்களுக்காகக் கேட்டு வைத்திருந்தார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, முறுக்கும் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஏர்போர்ட்டில் அத்தா என்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கீழே இறக்கினார். பிறகு அம்மாவைத் தூணோரமாக அழைத்துப்போய் மெதுவாகப் பேசினார். அந்த நண்பருக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை, வீடு இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நான் பார்த்ததெல்லாம் அத்தாவின் குனிந்த தலையும், அம்மா திடீரென்று சிரித்ததும்தான்.

“மலையில டென்ட் போட்டுத் தங்குவாங்கன்னு போன்ல காட்டினீங்களே, அங்க கூட்டிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

“அங்க குளிருமே!”

“குளிரட்டும். மரக்காணத்துல யாருக்குக் குளிரு கெடைக்குது?”

அந்த நாட்டில் மலைக்காட்டில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது, ஏன் வந்தாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது. அத்தா ஒவ்வொரு குளிர்காலமும் முதலாளி குடும்பத்தை அங்கே அழைத்துப் போகிறவர். யார் யாரிடமோ போன் பேசி ஒரு பிக்கப் வண்டி, ஒரு சின்ன டென்ட், கம்பளி எல்லாம் இரவல் வாங்கினார். வண்டி வளைந்து வளைந்து ஏற, என் காது அடைத்துக்கொண்டது.

மேலே எங்கள் ஊர்ச் சவுக்கு மரங்களை யாரோ பிடித்து முறுக்கிவிட்டதுபோல மரங்கள். ஒரு பக்கம் காடு. இன்னொரு பக்கம் விளிம்பில் நின்றால், வெகு கீழே பாலைவனம் தொடங்கி வானம் வரைக்கும் போயிற்று. “இதுல எது நம்மளுது அத்தா?” என்றேன். “எது வேணுமோ எடுத்துக்கோ” என்றார்.

நான் எடுத்துக்கொண்டேன். கல் பொறுக்கி வரிசை வைத்து வீடு பிரித்தேன். அடுப்பு இருந்த இடம் கிச்சன், மரத்தடி ஹால், டென்ட் பெட்ரூம், அதன் வாசலில் பாய் விரித்த இடம் விருந்தாளிகள் அறை. செருப்பை எங்கே விடுவது என்பதற்குச் சட்டம் போட்டேன். மலை ஆடுகள் மட்டும் என் சட்டத்தை மதிக்கவில்லை. அம்மாவின் துப்பட்டாவில் ஒரு முனையைத் தின்றுவிட்டுப் போயின.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெரிய கார் ஏறி வருவதைப் பார்த்து அத்தா எழுந்து நின்றார். அவருடைய முகம் மாறிவிட்டது. “அர்பாப் வர்றாரு” என்றார். முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். லீவு கேட்டபோது, குடும்பத்துக்கு நல்ல வீடு பார்த்துவிட்டதாக அத்தா அவரிடம் சொல்லியிருந்தார்.

“வரட்டுமே. மலை அவருக்கும்தான்” என்று அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் தூரத்தில் கல்யாணப் பந்தல் அளவுக்கு ஒரு கூடாரம் போட்டார்கள். அத்தா ஓடிப்போய் உதவினார். எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் வீட்டுக்காரியாக மிடுக்கோடு கையசைத்தேன்.

பொழுது சாயும் முன் காற்று கிளம்பியது. அது சுழன்று வந்த வேகத்தில் அந்தப் பந்தல் ஒரு முறை உப்பி, கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு கவிழ்ந்தது. எங்கள் டென்ட் படபடவென்று அடித்துக்கொண்டாலும் நின்றது. அத்தாவும் அம்மாவும் மழைக்கு முன் உப்பின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் பழகியவர்கள். கயிறுகளைப் பாறையிலும் மரத்திலும் கட்டியிருந்தார்கள்.

“புள்ளைங்கள இங்க கூட்டியாங்க!” என்று அம்மா கத்தினாள்.

அர்பாப்பின் மனைவியும் பிள்ளைகளும் குனிந்தபடி ஓடி வந்தார்கள். நான் வாசலில் நின்று, “செருப்ப வெளிய விடுங்க” என்றேன். பாஷை தெரியாவிட்டாலும் விட்டார்கள். அத்தனை பேரும் அந்தச் சின்ன டென்டுக்குள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

காற்று தணிந்ததும் அம்மா டீ போட்டாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்தாள். காரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் தட்டை மறுபடியும் நீட்டினார்கள். அர்பாப் பாயில் சம்மணமிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே எங்கள் பெட்டிகளையும், கயிற்றில் காய்ந்த துணிகளையும், அரிசி மூட்டையையும், தண்ணீர் கேன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் அரபியில் ஏதோ கேட்டார்.

“மலை புடிச்சிருக்கான்னு கேக்கறாரு” என்றார் அத்தா.

“இது எங்க வீடுன்னு சொல்லுங்க அத்தா. அது கிச்சன், அது ஹால், அவரு உக்காந்திருக்கறது விருந்தாளிங்க ரூம். எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொல்லுங்க.”

அத்தா அம்மாவைப் பார்த்தார்.

“சொல்லுங்க. உள்ளதத்தான சொல்றா” என்றாள் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

அத்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அர்பாப் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, எனக்கு முன் தலை தாழ்த்தினார். இவ்வளவு வயதாகியும் வேறு யாரும் எனக்கு அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

அன்று இருட்டுவதற்குள் அவர்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அர்பாப் தனியாக வந்தார். அத்தாவிடம் பேசும்போது அவர்தான் தயங்கித் தயங்கிப் பேசினார். அத்தா அம்மாவிடம் வந்து சொன்னார்:

“தோட்டத்து வீடு ஒன்னு சும்மா கெடக்குதாம். பேரீச்ச மரத்துக்குத் தண்ணி வுட ஆளில்லியாம். நீங்க கெளம்பற வரைக்கும் நாம அங்க இருந்து பாத்துக்கினா பெரிய உதவியா இருக்கும்னு கேக்கறாரு.”

அம்மா தூரத்தில் நின்ற அர்பாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அவரே வந்து கேக்கறாரு. செய்யலாங்க” என்றாள்.

நான் அழுது புரண்டேன். சொந்த வீட்டை விட்டுவிட்டு யாராவது அடுத்தவர் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார்களா? “அர்பாப்புக்கு நம்மள வுட்டா யாரு இருக்கா?” என்றாள் அம்மா. அது எனக்கு நியாயமாகப் பட்டது. பெரிய மனசு பண்ணி மலையை விட்டு இறங்கினேன்.

தோட்டத்து வீட்டில் மெத்தை இருந்தது, குழாயில் வெந்நீர் வந்தது. பின்பக்கத்து அறையில் ஒரு வங்காளக்காரர் இருந்தார். எப்போதும் முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்தால் சலாம் சொல்லிச் சிரிப்பார். அவரும் எங்களைப்போல ஒரு விருந்தாளி என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாளும் தவறவில்லை. அர்பாப் எங்களை நம்பிக் கொடுத்த வேலை அல்லவா? நான் போவதற்கு முன்பே எல்லா மரத்தடியும் நன்றாக நனைந்திருக்கும். பாலைவனத்து மண் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.