கொம்பு ஊதுபவனின் அறை

ஈரக் கல்லின் வாசனை. கூடவே, கைப்பிடிக்குப் பதிலாகத் தொங்கிய தடித்த கயிற்றின் சொரசொரப்பு...

நேற்று பேஸ்மென்ட்டில் ஒரு பழைய பெட்டியை ஒழிக்கும்போது ஜெர்மனியில் ஏறிய அந்தப் பழைய கோபுரத்தின் நுழைவுச் சீட்டு கிடைத்தது. பின்பக்கம் என் கையெழுத்தில் இரண்டு எண்கள்: 118, 117. ஏறும்போது எண்ணிய படிகள், இறங்கும்போது எண்ணிய படிகள். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அப்போது நியூ ஜெர்சிக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. க்ரீன் கார்டுக்குக் கம்பெனி அப்ளை பண்ணியிருந்தது. ஒரு மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதிகளைப் பார்க்க நான் எழுதிய ப்ரோக்ராமை ஓட்டிக் காட்ட, ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊருக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பாகத்தான் சொல்வேன். கூட வந்தவன் பாஸ்கர். மாம்பலத்துக்காரன். எனக்கு இல்லாத தைரியமெல்லாம் அவனிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸைப் பூட்டிய பிறகு, ஒரு பேக்கரிக் கதவில் விடுமுறை அறிவிப்பைப் பார்த்தேன். தேதியில் நாள் முன்னால், மாதம் பின்னால்.

இன்னொரு முறை படித்தேன்.

நம் ஊரில் நானும் அப்படித்தான் எழுதினேன். அமெரிக்கா வந்து கஷ்டப்பட்டு மாதத்தை முன்னால் போடப் பழகினேன். பழகிவிட்டேன் என்ற பெருமை வேறு. அந்தப் பெருமையோடுதான் ப்ரோக்ராமையும் எழுதியிருந்தேனோ? டெஸ்ட் பண்ணியதெல்லாம் மாதக் கடைசித் தேதிகள். முப்பதாம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் ப்ரோக்ராமே அதை நாள் என்று மாற்றிப் படித்திருக்கும்; அவை சரியாகவே வந்தன. ஆனால் பிப்ரவரி பத்தில் காலாவதியாகும் மருந்து? அதை அக்டோபர் இரண்டு வரை நல்லது என்று சொல்லிவிடுமோ...

திங்கட்கிழமை காலை அதை வைத்துத்தான் மருந்து அனுப்பப் போகிறார்கள். அதுவரை ஆபீஸ் திறக்காது, சரிபார்க்கவும் வழியில்லை.

"பாஸ்கர், மேனேஜருக்கு போன் பண்ணி, திங்கக்கிழமை ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"கன்ஃபார்மா தெரியுமா சார்?"

"இல்லப்பா... சந்தேகம்தான்."

"சந்தேகத்துக்கெல்லாம் போன் பண்ணுவீங்களா? நாலு மாசமா என்ன பண்ணினேன்னு கேப்பார். உங்க க்ரீன் கார்டு பேப்பர்ல கையெழுத்துப் போடறதே அவர்தான். பேசாம இருங்க சார். நாளைக்கு ஆத்தோரமா இருக்கற அந்தப் பழைய டவரைப் பாத்துட்டு வரலாம்."

பேசாமல் இருந்தேன். அது எனக்கு எப்போதுமே நன்றாக வரும்.

கோபுரம் ஆற்றை ஒட்டி நின்றது. கீழே கதவே இல்லை. எதிரி நுழையக் கூடாதென்று வாசலை இரண்டு ஆள் உயரத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஏணி, இப்போது இரும்புப் படி. சுவரின் தடிமன் நான் கை இரண்டையும் விரித்தாலும் போதாது. வெள்ளம் ஏறிய உயரங்களைக் கல்லில் கோடாக வெட்டியிருந்தார்கள். ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது. உள்ளே, எழுநூறு வருடக் கால்கள் பட்டு ஒவ்வொரு கல்படியும் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் என் ஷூவை வைக்கவே கூச்சமாக இருந்தது.

சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முதலில் ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி கட்டிப் படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டினார்களாம். பிறகு சிறை. அதன் பிறகு, தீயும் வெள்ளமும் வருகிறதா என்று பார்க்கும் காவல்காரனின் வீடு.

உச்சியில் ஒரே அறை. நாலு பக்கமும் ஜன்னல், ஒரு அடுப்பு, சுவரில் ஒரு கொம்பு. தீயோ வெள்ளமோ கண்டால் அவன் அதை விடாமல் ஊத வேண்டும்; மற்றபடி மணிக்கு ஒருமுறை, விழித்திருக்கிறேன் என்று காட்ட.

"நம்ம கூர்க்கா விசில் மாதிரி," என்றான் பாஸ்கர்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "மூடுபனியைப் புகைன்னு நினைச்சு ஊதிட்டா?"

அந்தப் பெண் சிரித்தாள். "எல்லாரும் வாளியோட ஓடி வந்து, அவனைத் திட்டிட்டுத் திரும்பிப் போவாங்க."

"தண்டனை?"

"கிடையாது. நிச்சயமாத் தெரிஞ்சாதான் ஊதணும்னா, அதுக்குள்ள ஊரே எரிஞ்சிருக்குமே. பாத்தும் ஊதாம இருந்தாதான் வேலை போகும். வீடும் போகும். குடும்பத்தோட இங்கதானே இருந்தான்."

ஜன்னல் வழியே எவ்வளவு பெரிய ஆறு... எவ்வளவு கூரைகள்... அத்தனை பேரும் ஒரு மனிதனின் சந்தேகத்தை நம்பித் தூங்கியிருக்கிறார்கள். தூரத்தில் மருந்துக் கிடங்கின் தகரக் கூரையும் தெரிந்தது.

இறங்கும்போது ஒரு படியை எண்ணாமல் விட்டிருந்தால், அது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஹோட்டலில் இருந்து மேனேஜர் வீட்டுக்கு போன் பண்ணினேன். "சந்தேகம்தான்" என்பதையே மூன்று முறை சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஏன் நேற்றே சொல்லவில்லை?"

திங்கட்கிழமை மருந்து அனுப்புவதை நிறுத்திவைத்துப் பார்த்தபோது என் சந்தேகம் சரியாகவே இருந்தது. திருத்த ஒரு வாரம் ஆனது. க்ரீன் கார்டு மெதுவாக வந்தது. அதனால்தான் தாமதமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அவருடைய அந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது.

இப்போது நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு ஸ்மோக் அலாரம். ஊருக்கே ஒருவன் விழித்திருந்த காலம் போய், கூரைக்குக் கூரை ஒரு மெஷின் விழித்திருக்கிறது. அந்த உச்சி அறையில் இப்போது டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும்தான்.

இன்று காலையும் மனைவி சாம்பாருக்குத் தாளிக்க, கிச்சன் அலாரம் அலறியது.

"ஒரு மிளகாய் கிள்ளிப் போட முடியல! இந்தச் சனியனோட பேட்டரியக் கழட்டுங்களேன்!"

வழக்கம்போல ஸ்டூலில் ஏறி, துண்டால் விசிறினேன். கழற்றவில்லை. இத்தனை வருடமாக ஏன் கழற்றவில்லை என்று, இதைப் படிக்கும்போதுதான் அவளுக்கும் தெரியும்.