நிச்சயதார்த்தப் படங்கள்

கடலூரில் எங்கள் அலுவலக சர்வரைப் பார்த்துக்கொண்டவர், சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். சர்வர் அறை ஏசி அப்படி. யாராவது எழுந்து போனால் அவர்களுடைய கம்ப்யூட்டரை உடனே பூட்டிவிடுவார்.

"சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் விக்கறப்ப ஓடியாருவான், சிஸ்டம் படுத்துக்கிச்சின்னா போனே எடுக்கமாட்டான்" என்பார்.

பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

ஒருநாள் வைரஸ் புகுந்து பதினான்கு கம்ப்யூட்டர்களும் சர்வரும் நின்றுபோயின. மேனேஜர் அவரிடம் சாஃப்ட்வேர் கம்பெனிமேல் புகார் எழுதச் சொன்னார்.

"வேணாம் சார், அவுங்க தப்பில்ல. எம் பொண்ணு நிச்சயதார்த்த போட்டோ பென் டிரைவ்ல இருந்திச்சி. நான்தான் சொருகினேன்."

"யாருக்குக் காட்ட?"

"காட்டுங்க, காட்டுங்க" என்று இரண்டு நாள் அவரை நச்சரித்த நாங்கள் ஆறு பேரும் அங்கேதான் நின்றோம்.

"நானே பாத்துக்கத்தான் சார்" என்றார்.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கல்யாணப் பத்திரிகை ஆறு பேருக்கும் வந்தது. சிதம்பரத்தில் நடந்த கல்யாணத்துக்கு ஒருவரும் போகவில்லை.