தூசி அடிக்க ஏர்பிரஷ் தேடிய மீரான் பாய்

அன்றைய ஏலத்துக்கான முதல் ஏலக்காய் மாதிரி தட்டில் கொட்டிக் கிடந்தது. நல்ல பச்சை, நல்ல பருமன். அதை அள்ளிப் பார்த்துச் சொல்ல வேண்டியவரின் நாற்காலிதான் காலியாக இருந்தது. உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடிக்கு அவர் வரும் பேருந்து சில நாட்களில் தாமதமாக வரும். "பாய் வரட்டும், பாத்துக்கலாம்" என்று பேசிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. அழைத்தது ஜீப் ஓட்டுநர் பால்பாண்டி.

"அக்கா, பாய் தவறிட்டாக. காலைல தொழுதுட்டு வந்து உக்காந்தாகளாம். அப்படியே போயிட்டாக."

"எந்த பாய்?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பாய்தான் உண்டு. தெரிந்தும் கேட்டேன். பால்பாண்டி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

முகமது மீரான் என்ற மீரான் பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் எங்கள் நிறுவனத்தில் மாதிரிகளைப் பார்த்துத் தரம் சொல்பவர் அவர். மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்தாலும் ஏலத்தில் கண்ணுக்கு முன் வருவது ஒரு பிடி மாதிரிதான். அதைத் தட்டில் கொட்டி, குலுக்கி, முகர்ந்து, ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே அரிசி எனப்படும் விதையின் கறுப்பைப் பார்த்து, "இது நிக்கும்" அல்லது "இது வேணாம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. எதிர் மேசையில் கணினியில் பதிவு போடுகிறவள் நான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தலைவலி, ஒரே டீக்கடை.

தொழிலில் இத்தனை சுருக்கமாகப் பேசும் மனிதர் மற்ற நேரத்தில் கேள்வியாகவே இருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "ஏம்மா பரமேசு, டீ ஆறுனா ஏன் ஏலக்கா வாசம் முதல்ல போகுது, இஞ்சி வாசம் நின்னுக்கிருது?" என்றார். எனக்குப் பொறுமை குறைவு. "அத டீ மாஸ்டர்ட்ட கேளுங்க பாய்" என்றேன். மறுநாள் வந்து, "கேட்டேன், அவருக்கும் தெரியலயாம்" என்றார். கிண்டலுக்குச் சொன்னதை நம்பிப் போய்க் கேட்டுவிட்டு வந்த அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அவரிடம் கோபப்படுவது எனக்குக் கடைசி வரை சரியாக வரவே இல்லை.

அவருடைய பொழுதுபோக்கு ஜீப் செய்வது. உள்ளங்கையில் அடங்கும் ஜீப். தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலையேறும் டிரிப் ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்து, பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டி, அதே நெளிவுகளோடு செய்வார். மேலே தார்ப்பாய், பின்னால் தொங்கும் தூக்குவாளி, கண்ணாடியில் ஒட்டிய சாமி படம் எல்லாம் இருக்கும். ஒரு குறைதான். எல்லா ஜீப்பும் கடையில் இருந்து அன்றைக்கு இறக்கிய மாதிரிப் பளபளவென்று இருக்கும். நாங்கள் பாராட்டுவோம், அவர் உதட்டைப் பிதுக்குவார்.

"தூசி வரலயே. மலையில இருந்து இறங்குற வண்டி இப்படியா இருக்கும்?"

"பிரஷ்ஷால பழுப்புப் பெயின்ட அடிங்க."

"தூசி பூசுறது இல்ல பரமேசு. அது வந்து உக்காருறது. பிரஷ் போட்டா கோடு தெரியுது."

அந்த நேரத்தில்தான் பால்பாண்டியின் ஜீப்புக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க முடியாது என்று ஆகிவிட்டது. போடிமெட்டுப் பாதையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி, பழைய இரும்புக்குப் போகப் போகிறது. பால்பாண்டி எங்கள் அலுவலகத்து வாசலில் நின்று, "பாய், எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. கழுவாம, கடைசியா இறங்கி வந்த கோலத்துலயே வேணும்" என்றான். பாய் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம், தட்டில் இருந்த ஏலக்காய் கடகடவென்று ஆடியதை நான் பார்த்தேன். யாரும் மேசையைத் தட்டவில்லை. ஆடியது அவர் கை.

தேனியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். மருந்தால் கொஞ்சம் அடங்கும், முழுதாக நிற்காது, போகப் போகக் கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜைனம்பு அழுதிருக்கிறார்கள். இவரோ டாக்டரிடம், "தூங்கும்போது மட்டும் ஏன் ஆடல?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜைனம்பு அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்கள். வேலைக்குக் கண்ணும் மூக்கும் போதும், ஜீப்புக்குக் கை வேண்டும். கை முழுதாகக் கைவிடுவதற்குள் பால்பாண்டியின் ஜீப்பை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது இருந்த கவலை.

அப்போதுதான் ஏர்பிரஷ் என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். பேனா அளவுக் கருவி. காற்றின் வேகத்தில் பெயின்டைப் பனி போலத் தூவும். பிரஷ் வண்டியைத் தொட வேண்டியதே இல்லை, அதனால் கை ஆடினாலும் கோடு விழாது. "தூசி வந்து உக்காரும் பரமேசு" என்று கைபேசியைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜைனம்பு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்.

"மிக்சி வெலைக்கு மேல ஒத்த ரூவா போச்சுன்னா, அதையும் உங்களையும் சேத்து வாசல்ல வச்சிருவேன்."

முதல் தடவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏமாந்தோம். யாரும் ஏமாற்றவில்லை, எங்கள் ஊர்ப் புத்திதான் ஏமாற்றியது. ஏர்பிரஷ்ஷின் மூக்குத் துவாரத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. புள்ளி இரண்டு, புள்ளி மூன்று, புள்ளி ஐந்து, புள்ளி எட்டு என்று போட்டிருந்தது. போடியில் மில்லிமீட்டர் என்றால் சல்லடை. எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கும் காய்தான் முதல் தரம், அதற்கு எப்போதும் மேல்விலை. எனவே பாய் புள்ளி எட்டைக் காட்டி, "இதுதான இருக்கறதுல ஒசத்தி?" என்றதும், அலுவலகமே ஆமாம் போட்டது. நானும்தான். விலையும் மலிவாக இருந்தது. எட்டு இத்தனை மலிவாக எப்படிக் கிடைக்கும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பொட்டலம் வந்தது. கதவுக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் கருவி அது. பஞ்சர் கடைக் காற்றுக் குழாயில் மாட்டி, முன்பு செய்த ஜீப் ஒன்றின்மேல் ஒரு அழுத்து அழுத்தினார். தூசி உட்காரவில்லை, வெள்ளம் வந்தது. தார்ப்பாய், தூக்குவாளி, சாமி படம் எல்லாம் ஒரே பழுப்பில் முழுகிப்போயின. பாய் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலக்காய்க்குப் பெருசு, இதுக்குச் சிறுசு. பாத்தியா, மாதிரி பாக்காம வாங்கிட்டேன்" என்றார். வருத்தத்தை விட அதில் வியப்புதான் அதிகம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய கூத்து. இணையத்தில் ஏர்பிரஷ் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு மாதிரி கேட்டார். "சார், கருவிய அனுப்ப வேணாம். அதுல ஒரு வெள்ளத் தாள்ல ஒரு கோடு, ஒரு புள்ளி அடிச்சு, தாள மட்டும் தபால்ல அனுப்புங்க. தபால் செலவு என்னோடது." முக்கால்வாசிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். ஒருவர், "நீங்க போலீஸா?" என்று கேட்டாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒங்கள மாதிரி கிறுக்கு உலகத்துல ஒண்ணுதான் பாய். எவன் தாள் அனுப்புவான்?"

மதுரையில் ஓவியப் பொருள் விற்கும் ஒருவர் அனுப்பினார். மூன்று தாள், மூன்று கருவியின் கோடுகள். பாய் அவற்றை ஏலக்காய்த் தட்டில் வைத்து வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஏலக்காயின் பச்சையையும் அந்த வெளிச்சத்தில்தான் பார்ப்பார். என்னையும் கூப்பிட்டார்.

"இந்தக் கோட்டோட ஓரத்தப் பாரு. எச்சி தெறிச்ச மாதிரிப் பொட்டுப் பொட்டா இருக்கா? இதுல உள்ள இருக்குற ஊசி சரியில்ல. இது நடுவுல கெட்டி, ஓரத்துல மெல்லிசா மங்குது. இதுதான் தூசி."

அந்த மங்கலான கோடு புள்ளி மூன்று எம்.எம். கருவியுடையது. ஆனாலும் அவர் உடனே வாங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் மதுரைக்கே போனார். அங்கே இரண்டு வகை இருந்ததாம். ஒன்றைப் பேனா போலப் பிடித்து ஒரு விரலால் அழுத்தவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். கைதேர்ந்தவர்கள் விரும்புவது அதைத்தான். அதைப் பிடித்ததும் இவர் விரல் தந்தி அடித்தது. மற்றது துப்பாக்கி போல முழுக்கையால் பிடிப்பது. விசையை இழுத்தால் முதலில் காற்று, இன்னும் இழுத்தால் பெயின்ட். கடைக்காரர் பேனா வகையைத்தான் தூக்கிப் பேசியிருக்கிறார். இவர் இரண்டிலும் முதலில் வெறும் தண்ணீரை விட்டு அடித்துப் பார்த்திருக்கிறார். ஊசி முனையை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். "ஊசி வளைஞ்சா தனியா கெடைக்குமா, உள்ள இருக்குற வாசர் கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் துப்பாக்கிப் பிடியை வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஒசத்தியான சாமான விட்டுட்டு வந்திருக்கீகளே" என்றேன்.

"யாருக்கு ஒசத்தி? என் கைக்கு இதுதான் ஒசத்தி" என்றார்.

மிச்சம் இருந்தது காற்று. அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்பிரசர் வேண்டும். நல்ல கம்பிரசர் ஒன்றே மிக்சி விலையைத் தாண்டிவிடும், சத்தத்தில் தெருவே எழுந்துவிடும். இவர் யோசித்துக்கொண்டே இருந்தார். பால்பாண்டியின் ஜீப் இரும்புக்குப் போகும் நாளன்று, அதன் ஸ்டெப்னி டயரை மட்டும் கழற்றி வாங்கி, உருட்டிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போனார். டயரின் வால்வில் ஏர்பிரஷ் குழாயை மாட்ட ஒரு இணைப்பைப் பஞ்சர் கடைக்காரர் செய்து கொடுத்தார். சத்தமில்லாத காற்று. கொஞ்ச நேரம் ஓடும், இறங்கியதும் மறுபடி போய் அடைத்துக்கொண்டு வருவார். அந்த டயரை ஹாலில் பார்த்த அன்று ஜைனம்பு என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் மிக்சி விலை தாண்டவில்லை.

ஜீப் இரும்புக்குப் போன அதே நாளில், அதன் மட்கார்டு, படிக்கட்டு, கூரை மூன்றிலிருந்தும் தூசியைத் தனித்தனிக் கவரில் சுரண்டி எடுத்துக்கொண்டார். மூன்றும் ஒரே தூசி என்றுதான் நான் நினைத்தேன். தட்டில் கொட்டியபோது மூன்றும் மூன்று நிறம். மட்கார்டில் தோட்டத்துச் செம்மண், படிக்கட்டில் செருப்புகள் கொண்டுவந்த கறுப்பு, கூரையில் வெளுத்த சாம்பல். அத்தனை வருடம் அந்த ஜீப்புகளைப் பார்த்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது பால்பாண்டியிடம் அவர் ஒரு விசித்திரக் கேள்வி கேட்டார்.

"ஏலே பால்பாண்டி, வண்டி ஓட்டும்போது வலது கைய எங்கன வச்சிருப்ப?"

"ஸ்டியரிங்லதான் பாய். ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான். மலை ரோடுல்ல."

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். "நடுக்கம் மூளைக்கும் ஏறிருச்சோ, அக்கா?" என்று பால்பாண்டி என்னிடம் கவலைப்பட்டான்.

அதன்பின் சில மாதங்கள் ஜீப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. கையோ மோசமாகிக்கொண்டு வந்தது. டீயைப் பாதி டம்ளர்தான் வாங்குவார். நான் கேட்கவில்லை. முடியாமல் போயிருந்தால் அதை அவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

அடக்கத்தன்று ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். நான் வீட்டில் ஜைனம்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும்போது போயிருந்தோம், அப்போது, அவர்கள் என்னையும் பால்பாண்டியையும் உள்ளே அழைத்தார்கள். மேசையில் கைக்குட்டை போட்டு மூடி ஒரு பொருள் இருந்தது.

"போன வாரமே முடிச்சிட்டாக. காயட்டும் காயட்டும்னு வச்சிருந்தாக" என்று கைக்குட்டையை எடுத்தார்கள்.

பால்பாண்டியின் ஜீப். மட்கார்டில் செம்மண், படியில் கறுப்பு, கூரையில் சாம்பல். ஒரு கோடு இல்லை, ஒரு தெறிப்பு இல்லை. தூசி வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதை எல்லாப் பக்கமும் பார்த்தேன். ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் மட்டும், ஏலக்காய் விதை அளவுக்கு ஓர் இடத்தில் தூசி இல்லை. பழைய நீலம் பளிச்சென்று தெரிந்தது. கை ஆடி அங்கே விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

பால்பாண்டி அந்த இடத்தில் விரலை வைத்தான். பிறகு தன் வலது முழங்கையைத் தடவினான்.

"இது நான் கைய ஊண்டுற எடம்க்கா. முழங்கை பட்டுப் பட்டு அங்கன தூசியே நிக்காது." அவன் என் பக்கம் திரும்பினான். "ரெண்டு கையும் ஸ்டியரிங்லன்னு அவுககிட்டப் பொய் சொன்னேன்."

சுவரோரம் சாய்ந்திருந்த ஸ்டெப்னியைக் காட்டி, "இத எடுத்துட்டுப் போப்பா" என்றார்கள் ஜைனம்பு. பால்பாண்டி குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தான். அது கெட்டியாக இருந்தது. அடுத்த ஜீப்புக்காக அடைத்து வைத்திருக்கிறார்.

"இருக்கட்டும்மா. பாய் காத்து அடச்சு வச்சிருக்காக" என்றான்.

மீரான் பாய், ஏலத்தில் புது ஆள் வந்துவிட்டார். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்கிறார். டீ ஆறினால் ஏலக்காய் வாசம் ஏன் முதலில் போகிறது என்று இப்போது நான்தான் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கை இனி ஆடாது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.