டொக்கு மேஸ்திரி போட்ட தரை

என் நாத்தனார் மகள் தரை போடுகிற மேஸ்திரி. அவள் அப்பாவுக்கும் அதே தொழில்தான். அவரை எல்லாரும் டொக்கு மேஸ்திரி என்பார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் பழைய கோர்ட்டுக் கட்டடத்தில் அவர் போட்ட சிமெண்டுத் தரை, காய்ந்ததும் கால் வைத்த இடமெல்லாம் டொக்கு டொக்கு என்றது. அடியில் பிடிக்காத தரைதான் அப்படிச் சத்தம் போடும். கீழே இருக்கும் பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் சிமெண்டு பிடிக்கும். மனிதர் கொத்தாமலே பூசி ஏமாற்றிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. அப்புறம் பெரிய வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே என் வீட்டுக்காரர்தான். அதே கட்டடத்தில் கடைசி அறைக்குத் தரை போட்டவர் அவர். கூடப்பிறந்தவள் புருஷனாயிற்றே என்றுகூடப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நாத்தனார் மகளுக்கே வந்தது. இன்ஜினியர் கறாரான ஆள். சிமெண்டுக்கு அடியில் இருக்கும் பழைய பூப்போட்ட கல் முழுசாக இருந்தால் தேய்த்து மெருகேற்றலாம், கொத்து விழுந்திருந்தால் மிஷினை விட்டு எல்லாவற்றையும் பெயர்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோனபோது, அவள் உளியும் சுத்தியலுமாக ஒரு மூலையில் குந்தியிருந்தாள். கை எழவில்லை.

"கொத்தியிருந்தா கல்லு போச்சு அத்தை. கொத்தலேன்னா அப்பா மானம் போச்சு. எதைன்னு வேண்டிக்கிறது?"

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில் விரிசல் விட்டது. கடப்பாரையால் நெம்பித் துண்டைத் தூக்கினாள். அடியில் கல்லைக் காணோம். மணல். அவள் முகம் செத்துப்போனது. இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் அது சலித்த மணல். இரண்டு விரல் கனத்துக்கு, மட்டம் பார்த்துப் பரப்பியிருந்தது. அவள் கையாலேயே ஒதுக்கினாள். சிவப்பும் கறுப்புமாக ஒரு பூ எட்டிப் பார்த்தது. அதில் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றாள். அவருக்குக் காது மந்தம், கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"கொத்தச் சொன்னாங்க, மனசு வரல. மணலைப் போட்டு மூடிட்டேன்" என்றார்.

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மறுநாளே உன் மாமனை விட்டுக் கொத்தியிருப்பாங்க."

மறுநாள் நானும் கூடப் போனேன்; அவள் ஒவ்வோர் அறையாகக் கம்பால் தட்டிப் பார்த்தாள். டொக்கு என்று கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. கடைசி அறையில் மூன்று தரம் தட்டினாள். கெட்டிச் சத்தம். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா வேலை சுத்தம் அத்தை" என்றாள்.

உடைத்துப் பார்த்தோம். ஒரு பூ விடாமல் கொத்தியிருந்தது. அந்த அறைக்கு மட்டும் டைல்ஸ் போட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"நான் போட்டது எப்படி இருக்கு?"

"கெட்டியா இருந்துச்சு" என்றேன்.