அப்பா அழித்த பென்சில் கோடுகள்

கையால் செய்த ஃபிரெட்லெஸ் பேஸ் கிட்டார்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அப்பா தன் மரப்பட்டறையில் எனக்குச் செய்து தந்ததை இன்று காலை அங்கே படம் போட்டேன். மேகமலை சில்வர் ஓக் மரம். பூச்சு வேலை முடியும் முன்பே வாங்கி மூன்று மாதமாக வாசிக்கிறேன். நேற்றுதான் கடைசியாகத் தேய்த்து எண்ணெய் பூசினார்.

மரத்தின் ரேகையை எல்லோரும் பாராட்டினார்கள். கம்பத்து அக்கா ஒருவர், "கிட்டார் கழுத்துல ஒரு கோடுகூட இல்லையே, காதை மட்டும் நம்பியா வாசிக்கிற? பெரிய ஆளுதான்" என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

இந்தக் கிட்டாரில் விரலுக்கு இடம் காட்டும் குறுக்குக் கம்பிகள் கிடையாது. அதனால் யாருக்கும் சொல்லாமல் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

"அப்பா, இதுல இருந்த கோடெல்லாம்?"

"நான் அளவெடுத்த கோடுன்னு நினைச்சு உப்புத்தாள் போட்டு எடுத்துட்டேன் ஆத்தா. வேலை முடிஞ்சா கோடு தெரியலாமா?"

மாலையில் சர்ச் பாடகர் குழு ஒத்திகை. நான் பிசகினால் ஞாயிறன்று பேஸையும் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வதாகப் பேச்சு.

முதல் சுரமே சுருதி குறைந்து ஒலித்தது. பதறிப்போய் விரலை மெல்ல நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு சுரத்தையும் அப்படித் தேடித்தான் பிடித்தேன்.

கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஏ பிள்ள, இந்த இழுவையை எங்கன பிடிச்ச? ஞாயித்துக்கிழமையும் இதையே வாசி."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பத்து அக்காவுக்கு இன்னும் பதில் போடவில்லை. காலையில் அவர் சொன்னது பொய், மாலையில் உண்மையாகிவிட்டது. இப்போது நன்றி சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.