வேண்டுமென்றே அடித்த வெங்காயம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஒரு நிமிஷம்' என்று பெயர். வைத்தவன் நான்தான். கம்ப்யூட்டர் சர்வர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. எதைக் கேட்டாலும், "ஒரு நிமிஷம்ணா, சரிபார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள். எனக்கோ நின்ற இடத்தில் காரியம் முடிய வேண்டும். இவளோடு குப்பை கொட்ட வேண்டும் என்பது என் தலையெழுத்து என்று பதினொரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் அப்படித்தானாம். வெளியே கிளம்பும்போது கதவு திறந்திருக்கும்போதே சாவியைத் திருகி, பூட்டின் நாக்கு வெளியே வருகிறதா என்று பார்ப்பாளாம். பிறகுதான் சாத்திப் பூட்டுவாளாம். "என் மருமக பூட்டையும் நம்பமாட்டா, சாவியையும் நம்பமாட்டா. என் பையனை மட்டும் எப்படி நம்பிக் கட்டிக்கிட்டாளோ!" என்று மாமியார் அலுத்துக்கொண்டதை அவளே சொல்லிச் சிரித்தாள். அந்தப் பையன் முதுகில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறார். குடும்பம் ஓடுவது இவளை நம்பி. இவளோ அப்போது தற்காலிக ஊழியர்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆய்வகத்திலிருந்து வார்டுகளின் திரைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் சர்வீஸ் ஒன்று எங்கள் பொறுப்பில் இருக்கிறது. எது எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு கான்ஃபிக் கோப்பு சொல்லும். அதில் புதுக் கட்டடத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு அங்க முதல் ஆபரேஷன்," என்றார் மேனேஜர் அவளிடம். "அதுக்குள்ள ரிசல்ட் வரலைன்னா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாதும்மா. ஏற்கெனவே நீங்க ஸ்லோன்னு பேரு."

மறுநாள் காலையில் புது வரிகளை நான் எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்து ஏற்றுவது அவள் வேலை. மணி பத்து முப்பத்தைந்து. கறுப்புத் திரையில் சோதனைக் கட்டளையைத் தட்டினாள். 'பிழை இல்லை' என்று வந்தது.

"அப்புறம் என்ன? ஏத்திட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு."

"ஒரு நிமிஷம்ணா."

கோப்பைத் திறந்து, முதல் வரியில் சம்பந்தமே இல்லாமல் 'வெங்காயம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள்.

"நல்லா இருக்கறதை ஏம்மா கெடுக்கறே?"

"சோதனை முழிச்சிருக்கான்னு பார்க்கறேன். இதைப் பார்த்தா அது கத்தணும்ல?"

கத்தவில்லை. மறுபடியும் 'பிழை இல்லை' என்றது. வெங்காயத்தையே பார்க்காத சோதனை வேறு எதைப் பார்த்திருக்கும்?

போன் அடித்தது. மேனேஜர்தான். "இன்னும் இல்ல சார்," என்றாள். "சோதனை வேற எதையோ பார்க்குது. பதினொன்னு தாண்டினாலும் தாண்டும்." அவர் போனை வைத்துவிட்டார்.

"பேசாம ஏத்தித் தொலையேன். உன் வேலை போயிடும்!" என்று கத்தினேன்.

"ஏத்தி சர்வீஸ் எழுந்திரிக்கலைன்னா பழைய வார்டுக்கும் ரிசல்ட் போகாதுண்ணா," என்றாள். கண் கலங்கியிருந்தது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

சர்வீஸ் கிளம்பும்போது எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று தேடினாள். புது ஃபோல்டரில் இருப்பதைத்தான். போன மாதம் நான்தான் கோப்பைப் புது ஃபோல்டருக்கு மாற்றியிருந்தேன். பழைய பிரதியை அழிக்காமல் விட்டுவிட்டேன். இடம் சொல்லாததால், சோதனை பழைய ஃபோல்டருக்குப் போய் அந்தப் பழைய பிரதியைப் பார்த்து நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை புது ஃபோல்டரின் பெயரையும் சேர்த்துத் தட்டினாள். முதல் வரியில் வெங்காயம் என்று கத்தியது. வெங்காயத்தை எடுத்துவிட்டு மீண்டும் தட்டினாள். அப்போதும் கத்தியது. அறுபத்திரண்டாம் வரியில் அடைப்புக்குறி மூடவில்லையாம். அது நான் எழுதிய வரி.

மூடினாள், சோதித்தாள், ரீஸ்டார்ட் செய்தாள். புதுக் கட்டடத்தில் முதல் முடிவு தெரிந்தபோது மணி பதினொன்று ஒன்பது.

மேனேஜரே இறங்கி வந்தார். "ஒன்பது நிமிஷம் டாக்டர் காத்துக்கிட்டிருந்தார்."

அவள் தலைகுனிந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு தப்பும் என்னுது சார். பழைய கோப்பை விட்டுவெச்சதும் நான், அடைப்பை மூடாததும் நான். இவ என் பேச்சைக் கேட்டிருந்தா இப்போ ஒரு வார்டுக்கும் ரிசல்ட் போயிருக்காது," என்றேன். அவர் மாடிக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று நான் வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரே கடிதத்தோடு வந்தார். நிரந்தரம்! அவளைவிட எனக்குத்தான் மனசு நிறைந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி, "கையெழுத்துப் போடுங்கம்மா," என்று நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்."

சிரிப்பை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாம் வரியில் விரல் நின்றது. "நான் வேலையில சேர்ந்த வருஷம் தப்பா இருக்கு சார்."

மேனேஜர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா!"

"எந்த லெட்டரைப் பார்த்தாங்களோ சார்," என்றாள்.